வேலூர்: தீபாவளியில் தொடங்கிப் பொங்கல் வரை வீட்டில் சேரும் குப்பையை எப்படிக் குறைக்கிறீர்கள்?

ஹவுசிங்போர்டு மாடிவீடு:

வணக்கம். நாங்கள் சத்துவாச்சாரியில் மாடிப் போர்ஷனில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், ஆக ஐந்து பேர். சாதாரண நாளில் குப்பை ஒரு பெரிய விஷயமே இல்லை. காலையில் வண்டி வரும், மக்கும் குப்பையை ஒரு வாளியிலும் மக்காததை ஒரு பையிலும் கொடுத்துவிடுவோம், அதோடு முடிந்தது. ஆனால் எங்களுடையது தீபாவளியை ஒட்டிக் கேதார கௌரி நோன்பு எடுக்கிற வீடு. தீபாவளியும் நோன்பும் சேர்ந்து மூன்று நாள் நாத்தனார் குடும்பம், கொழுந்தனார் குடும்பம் எல்லோரும் இங்கேதான், மொத்தம் 14 பேர்.

போன வருடம் அந்த மூன்று நாளில் ஏழு மூட்டை சேர்ந்தது. எண்ணித்தான் சொல்கிறேன். இரண்டு நாள் வண்டி வரவில்லை, அவர்களுக்கும் பண்டிகைதானே, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நல்ல மழை, கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்த மூட்டைகளை நாய்கள் இழுத்துப் போட்டுவிட்டன, பாதி கால்வாயில் போய்விட்டது. இதற்கு நடுவில் சின்னவளின் கொலுசு ஒன்றைக் காணோம். வேறு வழியில்லாமல் நானும் கணவரும் கையில் கவர் கட்டிக்கொண்டு மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தேடினோம்.

அப்போதுதான் நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று கண்ணால் பார்த்தேன். பளபளப்பு ஒட்டிய பேப்பர் தட்டு, பேப்பர் கப், இரண்டு மடக்கு குடித்துவிட்டு மூடி வைத்த சின்னத் தண்ணீர் பாட்டில்கள், ஸ்வீட் டப்பா, சட்டையோடு வந்த அட்டை, குண்டூசி, கழுத்துப்பட்டியில் வைக்கிற பிளாஸ்டிக், எல்லாம் சாம்பார் சாதத்தில் ஊறிப்போய் இருந்தன. முழு இட்லி பதினைந்துக்கு மேல். வடை, பாதி கடித்த அதிரசம். வெடித்த பட்டாசுக் காகிதம் நனைந்து சேறு மாதிரி. கொலுசு கிடைத்துவிட்டது, பிரியாணி எலும்புக்கு நடுவில். ஆனால் அந்தச் சாதத்தைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

இந்த வருடம் அப்படி விடக்கூடாது என்று நினைக்கிறேன். என் சிக்கல்கள் இவை. எவர்சில்வர் தட்டில் போடலாம் என்றால் 14 பேருக்கு மூன்று வேளை தட்டு கழுவ எங்கள் மாடிக்குத் தண்ணீர் போதாது. உரம் போடலாம் என்றால் நாற்றம் வரும் என்று மாமியார் பயப்படுகிறார், பால்கனியும் சின்னது. அதிரசம், முறுக்கு சுட்ட எண்ணெய் ஒன்றரை லிட்டர் மீந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் சிங்கில் ஊற்றினேன், பத்து நாளில் அடைத்துக்கொண்டது. அப்புறம் போகி வரும், பரண் முழுக்கப் பழைய சாமான் கிடக்கிறது. நம் ஊரில் இருப்பவர்கள் நிஜமாகச் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்.


காந்திநகர் மாடித்தோட்டம்:

அக்கா, காட்பாடி காந்தி நகரிலிருந்து எழுதுகிறேன். நானும் மாடிதான். முதலில் தண்ணீர் விஷயம். வாழை இலைதான் நமக்குச் சரி. கழுவ வேண்டாம், மக்கிவிடும், மாடு இருக்கிற வீடு பக்கத்தில் இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பளபளப்புத் தட்டு, பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப், சாப்பாட்டு மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு எல்லாமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருட்களில் வருபவை. துணிக்கடையில் துணிப்பை என்று கொடுக்கிறார்களே, தைக்காமல் ஒட்டியிருக்கும் பை, அதுவும் அந்தப் பட்டியலில் உண்டு. தொட்டால் துணி மாதிரி இருக்கும், ஆனால் அது பிளாஸ்டிக். கிழிந்தால் நூல் நூலாகப் போய்க் கால்வாயில் சிக்கிக்கொள்ளும். தீபாவளித் துணி எடுக்கப் போகும்போது வீட்டிலிருந்தே இரண்டு பெரிய மஞ்சப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

காலை டிபனுக்கு முழு இலை வீண். தையல் இலை வாங்குங்கள், மந்தாரை இலையில் ஈர்க்குக் குத்தி வைத்தது. காய்ந்த இலை என்பதால் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம், கெடாது.

இப்போது உரம். தயவுசெய்து தீபாவளி அன்றைக்கு ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், ஒரே நாளில் மூன்று வாளி சோறும் குழம்பும் கொட்டி, நான்காம் நாள் மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன். மூன்று வாரம் முன்பே தொடங்கி, உள்ளே நுண்ணுயிர் பெருகி, ஒருமுறை கை வைத்தால் சூடு தெரிகிற நிலைக்கு வந்த தொட்டிதான் பண்டிகைக் குப்பையைத் தாங்கும். இருபது லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு போதும். பக்கத்திலும் அடியிலும் ஓட்டை போடுங்கள், அடியில் ஒரு பழைய தட்டு வையுங்கள். ஒரு கை காய்கறிக் கழிவு போட்டால் அதே அளவுக்குக் குறையாமல் காய்ந்த இலையோ தேங்காய் நார்க் கழிவோ மேலே போட வேண்டும், இதுதான் மொத்த ரகசியமும். நாற்றம் வருவது குப்பையால் அல்ல, ஈரத்தால். ஈரம் கூடிக் காற்றுப் போகாமல் அடைத்துக்கொண்டால்தான் அழுகும். முதல் தடவை கொஞ்சம் புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளித்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வாரம் இரண்டு தடவை கிளறுங்கள். 45 நாளிலிருந்து 60 நாளில் மண் வாசனை வரும்.

குழம்பு ஊற்றிய சோறு, எண்ணெய்ப் பலகாரம், கறி, எலும்பு இதெல்லாம் சின்ன வாளியில் வேண்டாம், வண்டியில் மக்கும் குப்பையாகக் கொடுத்துவிடுங்கள். காய்த்தோல், பழத்தோல், டீத்தூள், பூ, வாழை இலையைக் கத்தரித்துப் போட்டது, இவ்வளவு போனாலே உங்கள் வாளியில் பாதிக்கு மேல் குறையும். சாமிக்குப் போட்ட மாலையில் நைலான் நூல் இருக்கிறதா என்று பார்த்து உருவிவிடுங்கள், நார் என்றால் அப்படியே போடலாம்.

அத்தைக்குச் சொல்லுங்கள், இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து காபி குடிக்கிறோம், ஒரு வாசமும் வராது.


மேல்விஷாரம் சமையல்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் வீட்டில் ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் இதே கதைதான், அதனால் சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சகோதரி, நீங்கள் பார்த்து வருத்தப்பட்ட அந்தச் சோறுதான் முக்கியம். தட்டும் கப்பும் அதற்குப் பிறகுதான். சாதமும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கலந்ததால்தான் ஏழு மூட்டையும் ஒன்றுக்கும் உதவாமல் போனது.

நாம் சமைக்கும்போது வருகிற ஆளைக் கணக்குப் பண்ணுவதில்லை, பயத்தைக் கணக்குப் பண்ணுகிறோம், போதாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். ஒரு கிலோ அரிசி பிரியாணி எட்டிலிருந்து பத்து பேருக்கு வரும், தால்சாவும் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் பக்கத்தில் இருந்தால் இன்னும் தாராளம். உங்கள் வீட்டில் 14 பேரில் பிள்ளைகள் எத்தனை? அப்படிப் பார்த்தால் ஒன்றரை கிலோ போதும். அநேகமாக நீங்கள் இரண்டரை போட்டிருப்பீர்கள். அதோடு காலையில் சுட்ட இட்லி இருக்கிறது, வடை இருக்கிறது, இனிப்பு வயிற்றில் இருக்கிறது. பண்டிகை அன்று மதியம் யாரும் வழக்கம்போல் சாப்பிடுவதில்லை, இதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம், ஆனாலும் அளவைக் குறைக்கக் கை வருவதில்லை.

எங்கள் அம்மா ஒரு வேலை செய்வார். பரிமாறுவதற்கு முன்பே தேக்சாவிலிருந்து இரண்டு தூக்கு நிறைய எடுத்து மூடித் தனியாக வைத்துவிடுவார். போதவில்லை என்றால் அதைத் திறப்பது. மீந்தால் அது கை படாத சோறு, சூடு ஆறுவதற்குள் பக்கத்து வீட்டுக்கோ, தெருமுனையில் ஆட்டோ நிற்கும் இடத்துக்கோ தூக்கோடு போய்விடும். சாப்பிட்டு மீந்ததை யாருக்கும் கொடுக்க முடியாது, எடுத்து வைத்ததைக் கொடுக்கலாம்.

வெளியில் வாங்குகிறவர்கள் சொந்தப் பாத்திரம் கொண்டுபோங்கள். ஆம்பூர், ஆற்காடு, வேலூர் எங்கேயும் கிலோ கணக்கில் வாங்கும்போது நம் குண்டானில் போட்டுக் கொடுப்பதில் கடைக்காரருக்கு ஒரு சிரமமும் இல்லை, முன்னாலேயே சொன்னால் போதும். பக்கெட்டில் வாங்கிவிட்டால் அந்த வாளியைத் தூக்கிப் போடாதீர்கள், மேலே ஒருவர் சொன்ன உரத் தொட்டிக்கு அதுவே ஆகும்.

பாட்டில் தண்ணீருக்கு ஒரே வழிதான். டிரம்மில் குழாய் வைத்துத் திண்ணையில் வைப்பது, ஆளுக்கொரு டம்ளர், டம்ளரில் பெயர் எழுதிய டேப். டம்ளர் கழுவ அவ்வளவு தண்ணீர் ஆகாது.


பச்சைச்சட்டை மகன்:

என் அம்மா இருபது வருடமாகத் தூய்மைப் பணியாளர். வேலூரில் எந்தத் தெரு என்று சொல்லவில்லை. தீபாவளிக்கு மறுநாள் அவர் வீட்டுக்கு வரும்போது கையைப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

கம்பி மத்தாப்புக் கம்பியால் கிழிபடாத வருடமே கிடையாது. மூட்டைக்குள் பாதி எரிந்த கம்பி, உடைந்த விளக்குக் கண்ணாடி, குண்டூசி, எல்லாம் சோற்றுக்குள் கிடக்கும். கையுறை கொடுக்கிறார்கள், ஆனால் ஈர மூட்டையில் அது வழுக்குகிறது என்று பலர் போடுவதில்லை. பட்டாசு வெடிக்கும்போதே பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள், எரிந்த கம்பியை அதில் போடச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள், காலில் மிதித்துச் சுட்டுக்கொள்வதும் நிற்கும். கம்பி வெறும் இரும்பு, காய வைத்துப் பழைய இரும்புக் கடையில் எடையோடு போடலாம்.

வெடிக்காத பட்டாசைத் தண்ணீரில் நன்றாக ஊற வைத்து, தனிப் பையில், இது பட்டாசு என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். பட்டாசுக் காகிதத்தையும் அப்படித்தான். அதை உரத்தில் போட்டுவிடாதீர்கள், காகிதம்தானே என்று தோன்றும், அதில் பேரியம் போன்ற உலோக உப்புகளும் கந்தகமும் ஒட்டியிருக்கும். சென்னையில் பட்டாசுக் குப்பையைத் தனியாகச் சேர்த்துக் கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவு கையாளும் இடத்துக்கு அனுப்புகிறார்கள், அந்த அளவுக்கு அது வேறு வகைக் குப்பை. நாப்கின், டயபர் என்றால் பேப்பரில் சுற்றி ஒரு குறி போட்டுக் கொடுங்கள். 2016 திடக்கழிவு விதிகளிலேயே ஈரம், உலர், வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

இரண்டு நாள் வண்டி வராது என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். உலர்ந்த குப்பையை வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம்கூட வைக்கலாம், ஒன்றும் ஆகாது. அதையும் சேர்த்து வெளியில் வைப்பதால்தான் மலை மாதிரி தெரிகிறது. தயவுசெய்து இரவோடு இரவாகப் பாலாற்றங்கரையில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அங்கே கொட்டியதையும் ஒருநாள் அம்மா மாதிரி ஒருவர்தான் வாரப் போகிறார்.

இன்னொன்று. குப்பையைக் கலக்கும் முன்பே பிடித்துவிட்டால் அது குப்பையே இல்லை, வளம் என்று நாடு முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர் நம்ம வேலூர் சீனிவாசன். சத்தீஸ்கரில் இருக்கும் அம்பிகாபூர் வரை போய் அந்த ஊரை மாற்றியதில் அவர் பங்கு இருக்கிறது. அவருடைய ஊரில் நாம் இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.


ஹவுசிங்போர்டு மாடிவீடு:

தம்பி, நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் மூட்டையிலும் கம்பி இருந்தது. அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

காந்திநகர் தம்பி, ஒரு சந்தேகம். என் தோழி வைத்த தொட்டியில் வெள்ளைப் புழு நெளிந்ததாம், பயந்து மூடிவிட்டாள். எண்ணெய்க்கும் யாராவது வழி சொல்லுங்கள்.


காந்திநகர் மாடித்தோட்டம்:

அக்கா, புழு தடித்துச் சாம்பலும் பழுப்புமாக இருந்தால் அது கறுப்பாகக் குளவி மாதிரி இருக்கும் ஒரு ஈயின் புழு. நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. குப்பையை யாரும் தின்ன முடியாத வேகத்தில் தின்றுவிடும், விட்டுவிடுங்கள், நல்லதுதான். சின்ன வெள்ளைப் புழு என்றால் ஈரம் அதிகம், காய்ந்த இலை போட்டுக் கிளறினால் இரண்டு நாளில் போய்விடும்.


கொசப்பேட்டை பலகாரம்:

எண்ணெய்க்கு நான் சொல்கிறேன், முப்பது வருடமாக நோன்பு அதிரசம் சுடுகிறேன். முதலில், மீதி வராமல் சுட வேண்டும். அகலமான இருப்புச் சட்டியை எடுத்து வைத்துவிட்டு முழுக்க எண்ணெய் ஊற்றினால் கடைசியில் ஒன்றரை லிட்டர் நிற்காமல் என்ன செய்யும். குழிவான சின்ன வாணலி, அரை லிட்டர், ஒரு ஈட்டுக்கு இரண்டே அதிரசம். நேரம் கூட ஆகும், ஆனால் எண்ணெய் கறுக்காது. முறுக்கை முதலில், அதிரசத்தைக் கடைசியில் சுடுங்கள். அதிரசத்தில் வெல்லம் எண்ணெயில் இறங்கிக் கருகிவிடும், அதற்குப் பிறகு அந்த எண்ணெய் எதற்கும் ஆகாது. இந்த வரிசையை மாற்றினாலே பாதி எண்ணெய் பிழைத்துக்கொள்ளும்.

முறுக்கு சுட்டது தெளிவாக இருந்தால் துணியில் வடிகட்டித் தாளிக்க ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கறுத்து, நுரைத்து, கனமாக ஆகிவிட்டதைத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். ஹோட்டல்களுக்கே எண்ணெயில் கெட்டுப்போன சேர்மம் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது என்று 2018லிருந்து விதி உண்டு, நமக்கு மட்டும் உடம்பு இல்லையா. அந்தக் கறுப்பு எண்ணெயை நான் பாட்டிலில் ஊற்றி வைப்பேன், கார்த்திகைக்கு மதில் மேலும் கேட்டுக்குப் பக்கத்திலும் வைக்கிற அகலுக்கு ஆகும், சாமி விளக்குக்கு அல்ல. மிச்சத்தை மரத்தூளிலோ பழைய பேப்பரிலோ உறிஞ்ச வைத்துக் குப்பையில் கொடுங்கள். சிங்கில் மட்டும் கூடாது.

ஸ்வீட் டப்பாவுக்கும் சொல்கிறேன். எங்கள் தெருவில் எவர்சில்வர் தட்டு போகும், துணி மூடி. வாங்கிக்கொண்டவர்கள் வெறும் தட்டாகத் திருப்பித் தர மாட்டார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். டப்பா எங்கே வந்தது இதில்? கிறிஸ்துமஸுக்குக் கேக் வருவதும் அதே தட்டில்தான். எதிர்வீட்டு அம்மா எட்டு வருடமாக ஒரே ஸ்டாரை மடித்து வைத்து எடுத்துக் கட்டுகிறார், குடிலுக்குத் தெர்மாகோல் வாங்காமல் வைக்கோலும் சாக்கும் களிமண்ணும்தான், பார்க்க அதுதான் அழகு.


குடியாத்தம் பெரியவர்:

போகிக்குப் பழையதைக் கழிப்பது என்றால் எங்கள் காலத்தில் கோரைப்பாய், தென்னந்துடைப்பம், பிய்ந்த முறம், நாலு கிழிந்த பருத்தித் துணி. அதைக் கொளுத்தினோம், தப்பில்லை. இப்போதும் அவ்வளவு மட்டும் கொளுத்தலாம், டயரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம் என்பது என் கருத்து.


பச்சைச்சட்டை மகன்:

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். இன்றைக்குப் பாய் என்று வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் பாய், துடைப்பத்தின் பிடி பிளாஸ்டிக், துணியில் பாதி பாலியஸ்டர், மரச்சட்டத்தில் பெயின்ட். அவ்வளவு மட்டும் என்று ஆரம்பித்து எல்லாமே தீயில் போகிறது. நம் ஊரைச் சுற்றி மலை, மார்கழிக் கடைசிப் பனி வேறு, புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்கும். 2018 போகிக்குச் சென்னையில் விமானமே இறங்க முடியாமல் போனது. எங்கள் தெருவில் மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் அன்று காலையில் வெளியே வர முடிவதில்லை.

கழிக்க வேறு வழி நிறைய இருக்கிறது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் அம்மாக்கள் தெருவில் வருகிறார்கள். சரிகை உள்ள பட்டுப்புடவைக்குத் தனியாக ஆள் வருவார். நோட்டு, அட்டை, இரும்பு எல்லாம் பழைய பேப்பர் கடை. டியூப் லைட்டை உடைக்காமல் கொடுங்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. தீ வேண்டும் என்றால் வாசலில் நாலு வறட்டியும் காய்ந்த வேப்பங்குச்சியும் வைத்துக் கொளுத்தி, பிள்ளைகள் மேளம் அடிக்கட்டும்.


குடியாத்தம் பெரியவர்:

பெயின்ட் விஷயத்தை நான் யோசிக்கவில்லை, நீ சொல்வது சரிதான் தம்பி. வறட்டி போதும். பொங்கல் முடிந்ததும் கரும்புச் சக்கையைக் குப்பையில் போடாதீர்கள், இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் செடி அடியில் மூடாக்காகப் போடலாம், சீக்கிரம் மக்காது, ஈரம் காக்கும். மஞ்சள் கொத்தில் கிழங்கை நறுக்கித் தொட்டியில் புதைத்தால் அடுத்த பொங்கலுக்கு வீட்டிலேயே கொத்து.


ஹவுசிங்போர்டு மாடிவீடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து பேசினோம். பெயின்ட் வாளி இரண்டு கிடைத்துவிட்டது, கணவர் ஓட்டை போட்டுவிட்டார், காய்ந்த இலைக்கு எதிரில் இருக்கும் பள்ளிக்கூடத்து வேப்பமரம் இருக்கிறது. மாமியார் மோர் தெளிப்பதைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார், எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். பிரியாணி ஒன்றே முக்கால் கிலோ என்று முடிவாகி இருக்கிறது, ஒன்றரைக்குக் கணவர் சம்மதிக்கவில்லை. நாத்தனாருக்குப் போன் செய்து பாட்டில் தண்ணீர் வாங்கி வர வேண்டாம், இனிப்பை டப்பாவில் போடாமல் சம்படத்தில் கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டார், அப்புறம் கொலுசுக் கதையைச் சொன்னேன், சரி என்றார்.

தையல் இலை மட்டும் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.


காந்திநகர் மாடித்தோட்டம்:

லாங்கு பஜார் பக்கம் போங்கள் அக்கா, பூஜைச் சாமானும் பாக்குமட்டைத் தட்டும் விற்கிற கடைகளில் கேளுங்கள். கட்டாக வாங்கினால் விலை குறையும். பண்டிகைக்கு முந்தைய வாரம் கூட்டத்தில் நிற்க முடியாது, இந்த வாரமே போய்விடுங்கள். பை எடுத்துக்கொண்டு போங்கள்.